வீசா கொடுப்பவர் சுமக்க வேண்டிய சுமை

பண்டாரவளையில் வியாபாரம், கணக்கு வழக்கு பற்றிப் பேச உட்கார்ந்தால் இப்போது என்னிடம் இரண்டு வகையான கேள்விகள் வருகின்றன. ஒன்று, எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கங்களில் ஹோட்டலும் விருந்தினர் விடுதியும் நடத்துபவர்கள் கேட்பது: "இந்தியாவிலிருந்து ஒரு நல்ல சமையற்காரரை எடுக்க நினைக்கிறோம். என்னென்ன செய்ய வேண்டும்?" மற்றது, இளைஞர்களும் அவர்களது தாய்மாரும் கேட்பது: "நானா, சவூதிக்கு வீசா வந்திருக்கு. ஏஜென்ட் ஏழு இலட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

முதற் கேள்வி முதலாளியுடையது, இரண்டாவது தொழிலாளியுடையது. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒருவரை வேறொரு நாட்டிலிருந்து வேலைக்கு அழைத்தால், அதற்கான செலவையும் பொறுப்பையும் யார் ஏற்க வேண்டும்? அழைப்பவரே ஏற்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான நாடுகளின் சட்டம் இன்று சொல்லும் பதில். இது தெரியாத காரணத்தால் எமது ஊர்களில் காணியும் நகையும் கைமாறுகின்றன. ஆகவே இவ்வாரம் இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அனுசரணை என்பது என்ன?

வளைகுடாவில் 'கபீல்' என்றும், ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'ஸ்பொன்சர்' என்றும், எமது திணைக்களப் படிவங்களில் 'அனுசரணையாளர்' என்றும் சொல்லப்படுபவர் ஒருவரே. "இந்த வெளிநாட்டவர் என்னிடம், இன்ன தொழிலுக்கு, இன்ன சம்பளத்துக்கு வருகிறார், இவருக்கு நான் பொறுப்பு" என்று அந்நாட்டு அரசாங்கத்துக்கு எழுத்தில் உறுதி கொடுப்பவரே அவர்.

இந்த உறுதியில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, அரசாங்கத்துக்குச் செய்ய வேண்டிய கடமை. அனுமதி பெறுதல், கட்டணம் செலுத்துதல், காலாவதியாகுமுன் புதுப்பித்தல், ஆள் விலகினால் அறிவித்தல் ஆகியன இதில் அடங்கும். இரண்டாவது, தொழிலாளிக்குச் செய்ய வேண்டிய கடமை. ஒப்பந்தத்தில் எழுதிய வேலையையும் சம்பளத்தையும் கொடுப்பது இது. மூன்றாவது, வேலை முடிந்த பின்னர் உள்ள கடமை. சேர வேண்டிய பணத்தைக் கணக்கு முடித்துக் கொடுத்து, அவர் ஊர் திரும்ப வழி செய்வது. வீசாவைக் கையில் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கும் முதலாளிமார் இந்த மூன்றில் ஒன்றையும் அறியாதவர்கள்.

எமது மலைகளில் நடந்த கதை

இவ்விடயம் ஊவாவுக்குப் புதியதல்ல. எம்மைச் சுற்றியுள்ள தோட்டங்கள் முழுவதும் வெளியூரிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களால் உருவானவை. தமிழகக் கிராமங்களில் கங்காணிமார் ஆள் சேர்த்தனர். முற்பணம், வழிச் செலவு, துணிமணி, அரிசி எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. தோட்டத்தில் காலடி வைக்கும் போதே அவர் கடனாளி.

அந்தக் கடனோடு சேர்ந்து வந்ததுதான் 'துண்டு'. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத் தொழிலாளி மாற விரும்பினால், அவர் பெயரிலுள்ள கடனைத் தீர்த்தால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. புதிய தோட்டம் பழைய தோட்டத்துக்குப் பணத்தைக் கட்டும். ஆனால் கடன் அழியாது. புதிய தோட்டத்தின் ஏட்டுக்கு மாறும். இதனால் ஆட்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் விலை பேசுவது போன்ற நிலைமை உண்டாயிற்று.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது. அடுத்த ஆண்டு இந்தியாவில் குடியகல்வுச் சட்டம் வந்தது. அதையொட்டி 1923ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. அதன் பின்னர் ஆள் சேர்க்கும் செலவும் பயணச் செலவும் தோட்ட முதலாளிமார் செலுத்தும் வரியால் அமைந்த பொது நிதியிலிருந்து வழங்கப்பட்டன. அவற்றைத் தொழிலாளியிடம் திரும்ப அறவிட முடியாது. மண்டபம் முகாம் வழியாக வந்து சேர்ந்தவர், வந்து சேர்ந்ததற்காகக் கடன்பட்டவராக இருக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

தோட்டத்தில் வாழ்க்கை அத்துடன் சீராகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சம்பளமும் லயன் அறைகளும் வேறு கதை. ஆயினும் 'அழைப்பவனே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எமது மலைகளில் சட்டமாக இருந்தது. அதே மலைகளிலிருந்து இன்று வெளிநாடு போகும் பிள்ளைகள் கடனோடுதான் விமானம் ஏறுகிறார்கள் என்பது கவலைக்குரியது.

இலங்கையில் ஆள் எடுக்கும் முதலாளிக்கு

இனி, வெளிநாட்டுச் சமையற்காரரையோ இயந்திரத் தொழில்நுட்பவியலாளரையோ இங்கு அழைக்க விரும்பும் வியாபாரிகளின் கேள்விக்கு வருவோம். இதற்கான அடிப்படைச் சட்டம் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டம். நடைமுறைப்படுத்துவது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம்.

முதலில் மனதிற் பதிக்க வேண்டியது, சுற்றுலா வீசாவில் வந்தவரை வேலைக்கு வைக்க முடியாது என்பது. சம்பளத்துக்கும் முடியாது, சம்பளமின்றித் 'தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கிறோம்' என்ற ஏற்பாட்டுக்கும் முடியாது. "முதலில் ஆள் வரட்டும், பிறகு மாற்றிக் கொள்ளலாம்" என்பது ஆபத்தான யோசனை. பிடிபட்டால் வந்தவர் நாடு கடத்தப்படலாம். வைத்திருந்தவரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முறையான வழி, ஆள் புறப்படுமுன்னரே முதலாளி விண்ணப்பிப்பது. தொழில் எதுவோ அதற்குரிய அமைச்சின் சிபார்சு தேவை. முதலீட்டுச் சபையின் கீழுள்ள நிறுவனமாயின் அச்சபையின் சிபார்சு தேவை. அனுமதி கிடைத்த பின் அவர் வந்து, வேலைக்கான வதிவிட வீசாவைப் பெறுவார். அந்த வீசா குறிப்பிட்ட முதலாளிக்கும் குறிப்பிட்ட தொழிலுக்கும் உரியது. உங்கள் விடுதியின் சமையற்காரரை மைத்துனரின் கடைக்கு ஆறு மாதம் 'கடனாக' அனுப்ப இயலாது. காலாவதித் திகதியைக் கவனித்துப் புதுப்பிப்பதும் உங்கள் வேலை.

ஆள் வந்து வேலையில் சேர்ந்ததும் அவர் எமது நாட்டுத் தொழிற் சட்டங்களின் கீழ் வருகிறார். "வெளிநாட்டுக்காரர்தானே, அவருக்கு சேமலாப நிதி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதியச் சட்டம் நாட்டினம் பார்த்து விலக்களிக்கவில்லை. மாதம் 200,000 ரூபா சம்பளமென்று வைத்துக் கொள்வோம். சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு 12 வீதம், அதாவது 24,000 ரூபா. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து கழிக்க வேண்டியது 8 வீதம், அதாவது 16,000 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தனது கையிலிருந்து மட்டும் 3 வீதம், அதாவது 6,000 ரூபா செலுத்த வேண்டும். இவை அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தப்பட வேண்டும். தாமதித்தால் மேலதிகக் கட்டணம் ஏறும். நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறும் போது அவர் தமது சேமலாப நிதியைப் பெற்றுக் கொள்ளலாம்.

ஹோட்டலும் கடையும் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருவன. வாரத்துக்கு 45 மணித்தியால வேலை, அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு மேலதிகக் கொடுப்பனவு, வாராந்த விடுமுறை, வருடாந்த விடுமுறை எல்லாம் வெளிநாட்டவருக்கும் உரியவையே. பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனத்தில் ஐந்து வருடங்கள் முடித்தவருக்கு 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உண்டு. மேற்சொன்ன சமையற்காரர் அதே 200,000 ரூபா சம்பளத்தில் ஐந்து வருடம் முடித்துப் போவாராயின், 500,000 ரூபாவை 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். சம்பளத்திலிருந்து வருமான வரி கழித்து இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்புவதும் முதலாளியின் கடமையே.

ஆக, வெளிநாட்டவரின் சம்பளத்தை மட்டும் கணக்குப் பார்த்து "இலாபம்" என்று முடிவெடுக்கக் கூடாது. 200,000 ரூபா ஆளுக்கு மாதம் 230,000 ரூபா செலவு. அதற்கு மேல் வீசாக் கட்டணம், தங்குமிடம், பயணம் எல்லாம் இருக்கின்றன. இவ்வளவையும் தாங்க முடியாதாயின் உள்ளூர்ப் பிள்ளை ஒருவரைப் பயிற்றுவிப்பதே புத்திசாலித்தனம்.

சவூதியில் கபீலின் கடமை

இப்போது ஏழு இலட்சம் ரூபாக் கேள்விக்கு வருவோம். 2005ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட சவூதி தொழிற் சட்டத்தின் 40ஆவது பிரிவு மிகத் தெளிவானது. வெளிநாட்டுத் தொழிலாளியை வரவழைக்கும் கட்டணம், இகாமா, தொழில் அனுமதி, இவற்றைப் புதுப்பிக்கும் கட்டணம், புதுப்பிக்கத் தாமதித்தால் வரும் அபராதம், தொழிற் பெயரை மாற்றும் கட்டணம், வெளியேறித் திரும்பி வரும் எக்சிட் ரீ-என்ட்ரிக் கட்டணம், வேலை முடிந்து ஊர் திரும்பும் விமான டிக்கட் ஆகிய அனைத்தும் முதலாளியின் பொறுப்பு. தொழிலாளி அங்கு மரணித்தால் ஜனாஸாவை ஊருக்கு அனுப்பும் செலவும் பொதுவாக முதலாளியுடையதே. தொழிலாளி தகுந்த காரணமின்றித் தானாகத் திரும்ப விரும்பினால், அல்லது அவர் அந்த வேலைக்குத் தகுதியற்றவரென்று கண்டால் மாத்திரம் திரும்பும் செலவு அவரைச் சேரும்.

வேலை முடிவில் சேவைக்காலக் கொடுப்பனவும் உண்டு. முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் என்பது கணக்கு. வீட்டுப் பணியாளர்களும் வீட்டுச் சாரதிகளும் இந்தத் தொழிற் சட்டத்தின் கீழ் வருவதில்லை, அவர்களுக்குத் தனி விதிகள் உள்ளன என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஏழு இலட்சத்தை வட்டியில்லாக் கைமாற்றாகவே பெற்று ஒருவர் போகிறார் என வைத்துக் கொள்வோம். சாப்பாடு, கைச்செலவு போக மாதம் 50,000 ரூபா மிச்சம் பிடித்தால், கடன் தீரப் பதினான்கு மாதங்கள் பிடிக்கும். இரண்டு வருட ஒப்பந்தம் என்பது இருபத்து நான்கு மாதங்கள். அதாவது, பாதிக்கு மேற்பட்ட காலம் வேறொருவர் செலுத்த வேண்டிய செலவை அடைப்பதற்காகவே உழைக்கிறார். சம்பளம் குறைத்துக் கொடுக்கப்பட்டாலும், சொன்ன வேலை வேறாக இருந்தாலும், அந்தப் பதினான்கு மாதமும் அவரால் வாய் திறக்க முடியாது. நகை அடகிலிருந்து வரவில்லையே என்ற எண்ணம் அவரைக் கட்டிப் போடும். பழைய துண்டுக் கடன் செய்த அதே வேலைதான் இது.

'ப்ரீ வீசா' என்னும் பொறி

எமது இளைஞர்களை மிகவும் கவர்வது 'ப்ரீ வீசா'. "கபீல் தொந்தரவில்லை, எங்கு வேண்டுமானாலும் வேலை செய்யலாம், வருடத்துக்கு ஒரு தொகை கொடுத்தால் போதும்" என்பார்கள். அப்படியொரு வீசா சட்டத்தில் இல்லை. உண்மையில் அது ஒரு கபீலின் கடையிலோ நிறுவனத்திலோ வேலை செய்வதாக எழுதப்பட்ட சாதாரண வேலை வீசா. கபீலிடம் வேலை கிடையாது. வீசாவை மட்டும் விற்றுவிட்டார்.

சவூதிச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, தன்னிடமுள்ள தொழிலாளி உரிய நடைமுறையின்றிப் பிறரிடம் வேலை செய்யவும், தன் கணக்கில் தொழில் நடத்தவும் முதலாளி இடமளிப்பதைத் தடை செய்கிறது. பரிசோதனையில் பிடிபட்டால் அபராதம் கபீலுக்கு, நாடுகடத்தல் தொழிலாளிக்கு. தவிரவும் 2018 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கான மாதாந்த வரி உயர்த்தப்பட்டது. அவ்வருடம் 400 ரியாலாக இருந்த மேல் விகிதம் 2020இல் 800 ரியாலாயிற்று. கைத்தொழில் போன்ற சில துறைகளுக்கு விலக்குகள் வழங்கப்பட்டுள்ளன. இது முதலாளி கட்ட வேண்டிய வரி. ஆனால் ப்ரீ வீசாக் கபீல் இதைத் தொழிலாளியிடம் கறக்கிறார். கொடுக்காவிட்டால் இகாமா புதுப்பிக்கப்படாது, அல்லது வேலைக்கு வரவில்லை என்று முறைப்பாடு போய்விடும். எம்மவர்கள் 'ஹுரூப்' என்று சொல்வது இதைத்தான். சுதந்திரம் என்று வாங்கியது கடைசியில் எந்த உரிமையும் இல்லாத நிலையில் கொண்டுபோய் விடும்.

மாறி வரும் சட்டங்கள்

நிலைமை ஓரளவு மாறியும் வருகிறது. வளைகுடாவில் வேலை மாறுவதற்குப் பழைய கபீலிடம் பெறும் 'ரிலீஸ்' கடிதம் எமது தோட்டத் துண்டின் தம்பி என்று சொல்லலாம். கட்டார் 2020இல் அந்தத் தடையில்லாக் கடிதத் தேவையைச் சட்டத்தால் நீக்கியது. 1921இல் இலங்கை செய்ததற்கும் இதற்கும் இடையில் தொண்ணூற்றொன்பது வருடங்கள். 2021 மார்ச்சில் அங்கு அடிப்படைச் சம்பளம் குறைந்தது 1,000 ரியால் என்றும், உணவும் தங்குமிடமும் கொடுக்காவிட்டால் 300 ரியாலும் 500 ரியாலும் மேலதிகமாகக் கொடுக்க வேண்டுமென்றும் ஆக்கப்பட்டது. சவூதியும் 2021 மார்ச் 14 முதல், தனியார் நிறுவனத் தொழிலாளர்கள் சில நிபந்தனைகளின் கீழ்க் கபீலின் சம்மதமின்றி வேலை மாற வழி திறந்தது. 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐக்கிய அரபு இராச்சியத்தின் தொழிற் சட்டம், ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ அறவிடக் கூடாதென்கிறது. அவரது கடவுச்சீட்டைப் பிடித்து வைக்கவும் அச்சட்டம் இடமளிக்கவில்லை.

பிரித்தானியாவுக்குத் தேர்ச்சி பெற்ற தொழிலாளியாகப் போகிறவர்களும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். அங்கு அரசாங்கத்தின் அனுசரணை உரிமம் பெற்ற முதலாளியே ஆள் அழைக்கலாம். தொழிலாளி வேலைக்கு வராவிட்டாலோ, விலகினாலோ, சம்பளமோ வேலையோ மாறினாலோ பத்து வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. உரிமம் பறிக்கப்பட்டால், அவர் அழைத்த தொழிலாளர்களுக்கு வேறு முதலாளி தேடப் பொதுவாக 60 நாள் அவகாசமே கிடைக்கும். திறன் கட்டணம் எனப்படும் வரியைத் தொழிலாளியிடம் அறவிட முடியாது. 2024 டிசம்பர் 31 முதல் உரிமக் கட்டணத்தையும் அனுசரணைச் சான்றிதழ்க் கட்டணத்தையும்கூட அறவிட முடியாது. அந்தச் சான்றிதழின் கட்டணம் 2025 ஏப்ரலில் 525 பவுணாக இருந்தது. அதையே பல இலட்சம் ரூபாவுக்கு விற்பவர்கள் உலவினார்கள். இன்னொன்று, பராமரிப்பாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலை 22இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த வேலைக்கு இங்கிருந்து இப்போதும் 'சான்றிதழ்' எடுத்துத் தருவதாக ஒருவர் சொன்னால், அவருடன் பேச்சை நிறுத்திக் கொள்வதே நல்லது.

செய்ய வேண்டியவை

போகிறவர்களுக்கு:

1. முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு, 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள். உரிமமில்லாத உப முகவரிடம் பணமும் கடவுச்சீட்டும் கொடுக்க வேண்டாம்.

2. கேட்கும் தொகை எதற்கு என்று ஒவ்வொன்றாக எழுதித் தரச் சொல்லுங்கள். 'வீசாக் காசு' என்று ஒரு வரி இருந்தால், அது கபீல் கட்ட வேண்டியதல்லவா என்று கேளுங்கள். எந்தத் தொகைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

3. ஒப்பந்தத்தில் முதலாளியின் பெயர், தொழிற் பெயர், சம்பளம், வேலை நேரம், திரும்பும் டிக்கட் ஆகியவை இருக்கின்றனவா எனப் பாருங்கள். வீசாவிலுள்ள தொழிற் பெயரும் ஒப்பந்தத்திலுள்ள தொழிற் பெயரும் ஒன்றாயிருக்க வேண்டும். பிரதி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

4. பணியகத்தில் பதிவு செய்யாமல் சுற்றுலா வீசாவில் வேலைக்குப் போக வேண்டாம்.

அழைக்கிறவர்களுக்கு:

1. ஆள் விமானம் ஏறுமுன் அனுமதி கையில் இருக்க வேண்டும்.

2. எழுத்தில் நியமனக் கடிதம் கொடுங்கள். அதிலுள்ள சம்பளத்தையே கொடுங்கள்.

3. வீசாப் புதுப்பிக்க வாங்கிய கடவுச்சீட்டை வேலை முடிந்ததும் அவரிடமே திருப்பிக் கொடுங்கள். அலுமாரியில் பூட்டி வைக்கும் பழக்கத்தை வளைகுடாவில் எம் பிள்ளைகளுக்குச் செய்தால் நாம் குறை சொல்கிறோம்.

4. அழைத்து வந்த செலவைச் சம்பளத்தில் கழிக்க வேண்டாம்.

5. அவர் போகும் நாளில் சேமலாப நிதிப் படிவங்கள், பணிக்கொடை, டிக்கட் மூன்றையும் தயாராக வைத்திருங்கள். திணைக்களத்துக்கும் அறிவியுங்கள்.

ஏழு இலட்சம் கொடுக்கலாமா என்று கேட்கும் தாய்மாருக்கு நான் சொல்வது இதுதான். அந்தத் தொகையில் முகவர் சட்டப்படி பெறக்கூடிய கட்டணம் எவ்வளவு, கபீல் கட்ட வேண்டியது எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். பிரித்து எழுத முகவர் மறுத்தால், நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். கேள்வி எதுவானாலும் பணம் கைமாறுமுன் பணியகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். கொடுத்த பின் கேட்க வருபவர்களுக்குத்தான் பதில் சொல்ல முடியாமலிருக்கிறது.